பட்டியலில் பெயரில்லாத கைம்பெண்கள்



திருச்சபைக்குள் எழுந்த முதல் முறைப்பாடு எதைப் பற்றியது என்று உங்கள் பிள்ளைகளிடம் கேட்டுப் பாருங்கள். விசுவாச சத்தியம் ஒன்றைப் பற்றியது என்பார்கள் சிலர்; விருத்தசேதனத்தைப் பற்றியது என்பார்கள் மறைக்கல்வி நன்கு படித்தவர்கள். அந்தப் பிணக்குகள் பின்னர் வந்தவை. திருத்தூதர் பணிகள் நூலின் 6ஆம் அதிகாரத்தைத் திறந்து பார்த்தால், முதன்முதலாக எழுந்த முணுமுணுப்பு சோற்றைப் பற்றியது என்பது தெரியவரும். எருசலேமில் அன்றாடம் உணவு பங்கிடப்பட்டபோது, கிரேக்க மொழி பேசிய கைம்பெண்கள் கவனிக்கப்படாமல் விடப்பட்டார்கள். அவர்களை எவரும் வெறுக்கவில்லை, வேண்டுமென்று விலக்கவுமில்லை. ஆனாலும் பந்தியில் அவர்களுக்கு இடம் கிடைக்கவில்லை. மொழி வேறு, பழக்கம் வேறு, அவர்களுக்காகப் பேச ஆள் இல்லை, அவ்வளவுதான்.

இந்த வாரப் பாடத்துக்கு இந்தப் பகுதியை எடுத்துக்கொண்டதற்குக் காரணம் உண்டு. நமது நாட்டிலும் ஒரு பங்கீட்டு முறை மாறியிருக்கிறது. சமுர்த்தி என்று நாம் அறிந்திருந்த உதவியின் இடத்தில், 2023 யூலை முதல் அஸ்வெசும என்ற நலன்புரிக் கொடுப்பனவு வந்துள்ளது. அக்கரைப்பற்று, ஆலையடிவேம்பு, திருக்கோவில், கல்முனை என்று இந்தக் கரையோரமெங்கும் இந்தச் சொல் அறியாத வீடு இன்று இல்லை. பெயர் வந்த வீடும் உண்டு, வராத வீடும் உண்டு. வராத வீட்டாரில், தகுதியில்லாமல் வராதோர் எத்தனை, விண்ணப்பிக்கத் தெரியாமல் வராதோர் எத்தனை என்ற கேள்வி கிறிஸ்தவர்களாகிய நம்மைச் சும்மா இருக்க விடலாமா?

கூப்பன் அரிசி முதல் அஸ்வெசும வரை

வறியோருக்கு அரசு கைகொடுப்பது நமது நாட்டில் புதிதல்ல. இரண்டாம் உலக யுத்த காலத்தில், 1942இல், அரிசிப் பங்கீடு தொடங்கியது. கூப்பன் புத்தகம் இல்லாத வீடு அன்று இருக்கவில்லை. செல்வனுக்கும் வறியவனுக்கும் ஒரே பங்கு. பங்கீட்டு அரிசியின் விலை 1953இல் கொத்து 25 சதத்திலிருந்து 70 சதமாக உயர்ந்தபோது நாடே கொந்தளித்தது. அவ்வாண்டு ஆகஸ்ட் 12ஆம் திகதி நடந்த ஹர்த்தாலை மூத்தோர் இன்றும் சொல்லக் கேட்கலாம். அதன்பின் பிரதமர் டட்லி சேனநாயக்கா பதவி விலகினார்.

பின்னர், 1978இல், எல்லோருக்கும் என்றிருந்த பங்கீடு குறைந்த வருமானம் உடையோருக்கு மட்டும் என்று சுருங்கியது. 1979இல் உணவு முத்திரை வந்தது. முத்திரையில் அச்சிட்ட பெறுமதி அப்படியே நிற்க, கடையில் பொருள்களின் விலை ஏறிக்கொண்டே போயிற்று. சில ஆண்டுகளில் அந்த முத்திரை வாங்கித் தந்தது பாதியளவும் இல்லை. 1989இல் சனசவிய வந்தது: மாதம் 2,500 ரூபா, அதில் ஒரு பகுதி உணவுக்கு, மறுபகுதி சேமிப்புக்கு, இரண்டு ஆண்டுகளில் குடும்பம் தன் காலில் நிற்க வேண்டும் என்ற நோக்கம். 1995இல் சமுர்த்திச் சட்டம் நிறைவேறியது.

ஏறக்குறைய முப்பது ஆண்டுகள் நமது வறிய வீடுகளில் சமுர்த்தி வேரூன்றியிருந்தது. சமுர்த்தி உத்தியோகத்தரை வீட்டார் பெயர் சொல்லி அறிவர். சமுர்த்தி வங்கி ஊருக்குள் இருந்தது. அயல்வீட்டுப் பெண்கள் சிறு குழுவாகச் சேர்ந்து சேமித்துக் கடன் பெற்றார்கள். இவை அதன் நன்மைகள். ஆனால் அதன் பட்டியலில் கட்சிச் செல்வாக்கினால் நுழைந்தவர்கள் இருந்தார்கள். உண்மையில் வறியவர்களாயிருந்தும் வெளியே நின்றவர்களும் பலர். ஒருமுறை பெயர் ஏறினால், பிள்ளைகள் உழைத்து மாடிவீடு கட்டிய பின்னும் அது நீங்காமலிருந்த இடங்களும் உண்டு. இந்தக் குறையை நாம் எல்லோரும் திண்ணையில் இருந்து பேசியதுண்டு.

புதிய முறைக்கான சட்டம் 2002ஆம் ஆண்டின் 24ஆம் இலக்க நலன்புரி நன்மைகள் சட்டமாகும். இருபது ஆண்டுகள் ஏட்டளவில் கிடந்த இந்தச் சட்டத்துக்கு 2022இன் பொருளாதார நெருக்கடி உயிர் கொடுத்தது. அவ்வாண்டு ஏப்ரலில் நாடு வெளிநாட்டுக் கடன்களைத் திருப்பிச் செலுத்துவதை நிறுத்தியது; செப்டெம்பரில் கொழும்பு நுகர்வோர் விலைச்சுட்டியின்படி பணவீக்கம் ஏறக்குறைய 70 வீதத்தைத் தொட்டது. 2023 மார்ச்சில் சர்வதேச நாணய நிதியம் ஏறக்குறைய 300 கோடி அமெரிக்க டொலர் உதவிக்கு இணங்கியது. நலன்புரி முறையைச் சீர்ப்படுத்துவது அந்த வேலைத்திட்டத்தின் ஓர் அங்கமாயிற்று.

பழையது போய்ப் புதியது வந்தபோது மாறியவை எவை?

முதலாவது, பெயர் தானாக வருவதில்லை. குடும்பம் விண்ணப்பிக்க வேண்டும். முதற் சுற்றில் நாடெங்கிலும் 37 இலட்சத்துக்கு மேற்பட்ட விண்ணப்பங்கள் வந்தன. தெரிவுசெய்ய எண்ணியதோ 20 இலட்சம் குடும்பங்களை.

இரண்டாவது, வறுமை புள்ளிக் கணக்கினால் அளக்கப்படுகிறது. கல்வி, சுகாதாரம், பொருளாதார நிலை, சொத்துகள், வீட்டின் நிலை, குடும்ப அமைப்பு என்ற ஆறு துறைகளில் 22 சுட்டிகள் உள்ளன. கணக்கெடுப்பவர் வீட்டுக்கு வந்து கேட்டுப் பதிகிறார். மின்சாரப் பாவனை, வாகனம், காணி, கால்நடை யாவும் அந்தக் கணக்கில் சேரும்.

மூன்றாவது, பயனாளிகள் தொடக்கத்தில் நான்கு வகுப்பினராகப் பிரிக்கப்பட்டார்கள். தொடக்கத்தில் மிக வறிய குடும்பத்துக்கு மாதம் 15,000 ரூபா வரை, வறிய குடும்பத்துக்கு 8,500 ரூபா வரை, பாதிக்கப்படக்கூடிய குடும்பத்துக்கு 5,000, இடைநிலைக் குடும்பத்துக்கு 2,500 என்று வகுக்கப்பட்டது. 2025 சனவரி முதல் முதலிரண்டு தொகைகளும் முறையே 17,500 ரூபா, 10,000 ரூபா என உயர்ந்தன. முதியோர், மாற்றுத்திறனாளிகள், சிறுநீரக நோயாளர் ஆகியோருக்கான கொடுப்பனவுகள் இவற்றுக்குப் புறம்பானவை.

நான்காவது, பணம் வங்கிக் கணக்குக்குப் போகிறது. ஆகவே அடையாள அட்டையும் கணக்கும் இல்லாமல் எதுவும் நடவாது.

ஐந்தாவது, இது முடிவில்லாத உதவியன்று. மிக வறியோருக்கும் வறியோருக்கும் 2023 யூலை தொடக்கம் மூன்று ஆண்டுகள் என்று முதலில் அறிவிக்கப்பட்டது. மற்ற இரு வகுப்பினருக்கும் அதிலும் குறுகிய காலமே குறிக்கப்பட்டுப் பின்னர் நீடிக்கப்பட்டது. ஆகவே பட்டியல் மறுபடி மறுபடி பார்க்கப்படும். ஒருமுறை விண்ணப்பித்தோம், அத்தோடு சரி என்று இருப்பவர் அடுத்த முறை காணாமற்போவார்.

அஸ்வெசும என்ற சிங்களச் சொல்லுக்கு ஆறுதல் என்று பொருள். நாம் ஆசுவாசம் என்று சொல்கிறோமே, அதற்கு உறவான சொல். ஆறுதல் என்று பெயர் சூட்டிய ஒன்று, எளியவருக்கு அலைச்சலாகிவிடாமல் பார்த்துக்கொள்வது யாருடைய கடமை என்பதுதான் இன்றைய பாடம்.

யார் விடுபடுகிறார்கள்?

ஒரு வீட்டை மனத்தில் கொள்ளுங்கள். கணவனை இழந்த ஒரு தாய் தமையன் வீட்டின் பின்னறையில் இரண்டு பிள்ளைகளோடு இருக்கிறாள். வேறாகச் சமைக்கிறாள், வேறாக உழைக்கிறாள். கணக்கெடுக்க வந்தவர் வாசலில் நின்று கேட்டபோது தமையன் வீட்டுக் கணக்கிலேயே அவளும் சேர்ந்துவிட்டாள். தமையனிடம் மோட்டார் சைக்கிள் உண்டு, வயற்காணி உண்டு. அவளுக்கோ ஒன்றுமில்லை. ஆனால் ஏட்டில் அவள் உள்ளவள்!

மற்றொரு வீடு. முதியவரின் அடையாள அட்டை சுனாமியில் போயிற்று, பிறகு எடுத்தார், அதில் பெயரின் எழுத்து வேறு. பிறப்புச் சான்றிதழில் வேறு. வங்கிப் புத்தகத்தில் இன்னும் வேறு. 2004 திசம்பர் 26இல் அம்பாறை மாவட்டத்தில் மட்டும் பத்தாயிரத்துக்கு மேற்பட்டோரைக் கடல் கொண்டுபோயிற்று என்பது நாம் அறிந்ததே. உயிர் தப்பியோரின் பெட்டிகளில் இருந்த பத்திரங்களும் அந்த நீரோடு போயின. அந்த இழப்பின் பின்விளைவை இன்றும் சில குடும்பங்கள் அலுவலக வாசல்களில் அனுபவிக்கின்றன.

இன்னொரு வீடு. தாய் மத்திய கிழக்கில் வீட்டுவேலை செய்கிறாள். தகப்பன் இல்லை, பிள்ளைகள் அம்மம்மாவிடம். அனுப்பும் பணம் பழைய கடனுக்கே போகிறது. அம்மம்மாவுக்கு எழுதப்படிக்கத் தெரியாது. கேட்ட கேள்விக்கெல்லாம் தலையாட்டினாள்.

நமது ஊருக்கே உரிய சிக்கலும் ஒன்றுண்டு. அக்கரைப்பற்று என்ற பெயரைத் தாங்கிய கிராம சேவகர் பிரிவுகள் அக்கரைப்பற்றுப் பிரதேச செயலகத்தில் மட்டுமல்ல, ஆலையடிவேம்புப் பிரதேச செயலகத்திலும் உள்ளன. வாடகை வீடு மாறியவர், திருமணமாகி ஒரு தெரு தள்ளிப் போனவர், எந்தச் செயலகத்தில் கேட்பது என்று தெரியாமல் ஒரு நாள் கூலியை இழந்து இங்கும் அங்கும் நடப்பார். இரண்டாம் நாளும் கூலியை இழக்க அவரால் முடியாது. எனவே விட்டுவிடுவார்.

இந்த நான்கு பேரும் தகுதியற்றவர்கள் அல்லர். ஒரு தாளும், ஒரு விளக்கமும், கூடப்போக ஒரு மனிதரும் இல்லாமல் விடுபட்டவர்கள். எருசலேமின் கைம்பெண்களும் இவர்களைப் போன்றவர்களே.

திருத்தூதர்கள் செய்தது என்ன?

இனி மறுபடி விவிலியத்துக்கு வருவோம். முணுமுணுப்பைக் கேட்ட திருத்தூதர்கள் மூன்று காரியங்களைச் செய்தார்கள்.

முதலில், முறைப்பாட்டைக் குற்றமாகக் கொள்ளவில்லை. நன்றி கெட்டவர்கள் என்று கைம்பெண்களைக் கடிந்துகொள்ளவில்லை. விடுபட்டவர்கள் பேசுவது உரிமை என்று ஏற்றுக்கொண்டார்கள்.

இரண்டாவது, முழுச் சபையையும் கூட்டினார்கள். பன்னிருவர் தாமே தீர்த்துவைத்துப் பெயர் எடுக்க முயலவில்லை. நற்பெயர் பெற்றவர்களும் தூய ஆவியும் ஞானமும் நிறைந்தவர்களுமான எழுவரைச் சபையே தெரிவுசெய்யும்படி விட்டார்கள். பந்தி பரிமாறும் வேலைக்கு இத்தனை தகுதி எதற்கு என்று கேட்கத் தோன்றும். வறியவரின் பங்கைக் கையாள்பவருக்கு ஞானமும் வேண்டும், நேர்மையும் வேண்டும் என்பதே விடை.

மூன்றாவது, தெரிவான எழுவரின் பெயர்களைக் கவனியுங்கள்: ஸ்தேவான், பிலிப்பு, பிரக்கோர், நிக்கானோர், தீமோன், பர்மனா, நிக்கொலா. ஏழும் கிரேக்கப் பெயர்கள்! விடுபட்டவர்களின் மொழி தெரிந்தவர்களிடமே பங்கீட்டின் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. அந்த வீடுகளின் நிலை அவர்களுக்குத் தெரியும்.

ஆதித் திருச்சபையில் பட்டியலும் இருந்தது, தகுதி விதியும் இருந்தது. திமொத்தேயுவுக்கு எழுதிய முதல் திருமுகத்தின் 5ஆம் அதிகாரத்தில், கைம்பெண்கள் பட்டியலில் சேர்வதற்கு அறுபது வயது முதலிய நிபந்தனைகள் விதிக்கப்பட்டிருக்கின்றன. உறவினர் உள்ளவர்களை உறவினரே தாங்க வேண்டும். அப்போதுதான் எவருமற்றவர்களுக்குச் சபை உதவ முடியும் என்பதும் அங்கேயே சொல்லப்பட்டுள்ளது. ஏறக்குறைய 251ஆம் ஆண்டில் உரோமை ஆயராக இருந்த கொர்னேலியு எழுதிய கடிதமொன்றை வரலாற்றாசிரியர் யூசேபியு காத்துத் தந்திருக்கிறார். உரோமைத் திருச்சபை அன்று ஆயிரத்து ஐந்நூறுக்கு மேற்பட்ட கைம்பெண்களையும் துன்புற்றோரையும் தாங்கியது என்று அதில் காண்கிறோம். துன்புறுத்தலின் நடுவிலும் கணக்கு வைத்திருந்தார்கள். எனவே பட்டியல் எழுதுவது ஆவிக்குரிய காரியமல்ல என்று எவரும் எண்ண வேண்டாம்.

பிச்சையா, உரிமையா?

"அரசாங்கத்திடம் கையேந்துவது வெட்கம், பாதர்" என்று சொல்லும் நல்ல மனிதர்கள் நமது பங்குகளில் உண்டு. மறுபுறம், "வாங்குகிறவர்கள் எல்லோரும் சோம்பேறிகள்" என்று சொல்வோரும் உண்டு. இருவருக்கும் திருச்சபையின் போதனை ஒரே பதிலைத் தருகிறது.

இஸ்ராயேலருக்கு இணைச்சட்டம் 24ஆம் அதிகாரம் இட்ட கட்டளை இது: வயலில் மறந்துவிட்ட அரிக்கட்டை எடுக்கத் திரும்பிப் போகாதே; அது அந்நியனுக்கும் அனாதைக்கும் கைம்பெண்ணுக்கும் உரியது. வயற்காரன் மனமிரங்கிக் கொடுப்பதாக அங்கே சொல்லப்படவில்லை. அது அவர்களுக்கு உரியது என்பதே சட்டம். நமது வயல்களிலும் அறுவடைக்குப் பின் கதிர் பொறுக்கியோரை மூத்தோர் அறிவர். இன்று இயந்திரம் அறுக்கிறது, இயந்திரமே தூற்றி மூட்டையாக்குகிறது. பொறுக்கக் கதிரும் குறைவு, அரிவு வெட்டும் கூலியும் குறைவு. வயலில் மறைந்துபோன அந்தப் பங்கு வேறொரு வழியால் வறியவரைச் சேர வேண்டும் அன்றோ?

திருத்தந்தை இருபத்துமூன்றாம் யோவான், 1963இல் வெளியிட்ட உலக சமாதானம் பற்றிய சுற்றுமடலில், நோய், கைம்மை, முதுமை, வேலையின்மை முதலிய காலங்களில் பாதுகாப்புப் பெறுவதை மனித உரிமைகளுள் ஒன்றாகவே எண்ணினார். பொதுநிலையினரின் பணி பற்றி இரண்டாம் வத்திக்கான் சங்கம் 1965இல் தந்த ஏடு இன்னும் கூர்மையாகப் பேசுகிறது: நீதியின்படி ஒருவருக்குச் சேர வேண்டியதைத் தருமம் என்று சொல்லிக் கொடுக்கலாகாது என்பதே அதன் கருத்து. திருத்தந்தை பதினோராம் பத்திநாதர் 1931இலேயே மற்றொன்றைக் கற்பித்தார். சிறிய அமைப்பு செய்யக்கூடியதைப் பெரிய அமைப்பு பறித்துக்கொள்ளக் கூடாது. பெரியது சிறியதற்குத் துணைநிற்க வேண்டும். ஊரிலுள்ள சங்கங்களின் இடம் இங்கேதான் இருக்கிறது. கொழும்பிலுள்ள கணினிக்குப் பின்னறைத் தாயைத் தெரியாது. அவளைத் தெரிந்தவர்கள் நாம்.

பிற நாடுகளிலும் இதே பாடம் கற்கப்பட்டிருக்கிறது. இங்கிலாந்தில் ஆறு பழைய உதவிகளை ஒன்றாக்கி யுனிவர்சல் கிரெடிட் என்ற முறை 2013 முதல் படிப்படியாக வந்தது. விண்ணப்பம் கணினி வழியே. தடுமாறியோருக்குக் கைகொடுக்க, சிற்றிசன்ஸ் அட்வைஸ் என்ற தொண்டு நிறுவனத்திடம் 2019 ஏப்ரல் முதல் அந்தப் பொறுப்பு ஒப்படைக்கப்பட்டது. நம்மவர் பலர் வாழும் இலண்டனிலேயே அயலாரின் துணை தேவைப்பட்டிருக்கிறது என்றால், நமது ஊரில் அது வேண்டாமா? அருகிலுள்ள கேரளத்தில் மிக வறிய குடும்பங்களைத் தேடியபோது, உள்ளூராட்சி மன்றங்களும் குடும்பஸ்ரீ பெண்கள் குழுக்களும் ஊரூராய் விசாரித்து, கிராம சபையில் சரிபார்த்து, 64,006 குடும்பங்களை இனங்கண்டன. விண்ணப்பம் வரட்டும் என்று காத்திராமல் விடுபட்டவர்களைத் தேடிப் போனதே அந்த வேலையின் சிறப்பு.

நமது சங்கங்கள் செய்யக்கூடியவை

நமது பங்குகளில் வின்சென்ட் தே பவுல் சபை உண்டு, மரியாயின் சேனை உண்டு, அன்பியங்கள் உண்டு, இளைஞர் ஒன்றியம் உண்டு. மறைமாவட்டத்தில் எகெட் கரித்தாஸ் நிறுவனம் நெடுங்காலமாகப் பணிபுரிகிறது. ஊரில் மாதர் கிராம அபிவிருத்திச் சங்கமும் மரண உதவிச் சங்கமும் கோயில் பரிபாலன சபையும் பள்ளிவாசல் நிருவாக சபையும் உள்ளன. புதிதாக ஒரு சங்கம் தொடங்க வேண்டியதில்லை. இருக்கின்றவை ஆறு காரியங்களைச் செய்தால் போதும்.

1. தெருத்தெருவாகக் கணக்கெடுங்கள். எந்த வீட்டில் பெயர் வந்தது, எதில் வரவில்லை, ஏன் வரவில்லை என்று அறியுங்கள். வராதவர் தாமாக வந்து சொல்லமாட்டார். வெட்கம் அவரைத் தடுக்கும். மரியாயின் சேனையினர் வீடு சந்திக்கும்போது செபமாலையோடு இந்தக் கேள்வியையும் எடுத்துச் செல்லலாம்.

2. தாள்களைச் சீர்செய்ய உதவுங்கள். அடையாள அட்டை, பிறப்பு, திருமண, இறப்புச் சான்றிதழ்கள், வங்கிப் புத்தகம் யாவற்றிலும் பெயர் ஒன்றாக இருக்க வேண்டும். முகவரி எந்தக் கிராம சேவகர் பிரிவு, எந்தப் பிரதேச செயலகம் என்பதைத் தாளில் எழுதிக் கையில் கொடுங்கள்.

3. கணக்கெடுப்புக்கு வீட்டாரை ஆயத்தப்படுத்துங்கள். எதைக் கேட்பார்கள் என்று முன்கூட்டியே சொல்லுங்கள். ஒரு கூரையின் கீழ் இரு குடும்பம் இருந்தால் அதைத் தெளிவாகச் சொல்லப் பழக்குங்கள். பொய் சொல்லப் பழக்க வேண்டாம். உண்மையை அச்சமின்றிச் சொல்லப் பழக்குங்கள்.

4. மேன்முறையீட்டைக் கைவிடாதீர்கள். பெயர் வராதவர் மேன்முறையீடு செய்யச் சட்டத்தில் வழியுண்டு. முதற் பட்டியல் வெளியான 2023இல் நாடெங்கும் ஒன்பது இலட்சத்துக்கு மேற்பட்ட மேன்முறையீடுகள் சென்றன. லூக்கா 18ஆம் அதிகாரத்தில் வரும் கைம்பெண்ணை நினைத்துக்கொள்ளுங்கள். கடவுளுக்கும் அஞ்சாத நடுவனிடம் அவள் ஓயாமல் போய் நியாயம் கேட்டாள், பெற்றாள். செபத்தில் சோர்ந்துபோகாதிருக்க இயேசு பெருமான் சொன்ன உவமை அது. ஆனால் அவர் உவமைக்கு எடுத்துக்கொண்டது அலுவலக வாசலில் சோர்ந்துபோகாத ஒரு பெண்ணை என்பதையும் மறந்துவிடலாகாது. தவணைத் திகதியை ஆலய அறிவித்தலில் வாசியுங்கள். திகதி கடந்தபின் வரும் கண்ணீருக்கு மருந்தில்லை.

5. கூடப் போங்கள். எழுதப்படிக்கத் தெரியாத ஒருவரோடு அலுவலகத்துக்கும் வங்கிக்கும் ஒரு இளைஞன் கூடப் போவது ஒரு செபமாகும். க.பொ.த. சாதாரண தரப் பரீட்சை எழுதிவிட்டு முடிவுக்காகக் காத்திருக்கும் பிள்ளைகளுக்கு இதைவிட நல்ல பயிற்சி ஏது?

6. காலத்துக்குக் காலம் திரும்பிப் பாருங்கள். பட்டியல் மீளாய்வு செய்யப்படும். பிறப்பு, இறப்பு, திருமணம், வீடுமாற்றம் ஆகியவற்றை உரிய அலுவலகத்தில் பதிய நினைவூட்டுங்கள்.

இவற்றோடு சில காவல் விதிகளும் வேண்டும். உதவிக்குக் காசு வாங்கலாகாது. ஒரு தேத்தண்ணீர் கூட வேண்டாம். வறியவரின் அடையாள அட்டையையோ வங்கி அட்டையையோ உங்கள் கையில் வைத்துக்கொள்ளலாகாது. இரகசிய இலக்கத்தைக் கேட்கலாகாது. ஒரு வீட்டின் வறுமையை மற்றொரு வீட்டில் பேசலாகாது. எந்தக் கட்சிக்காரரின் பெயரும் இந்தப் பணியில் ஒட்டக் கூடாது. எல்லாவற்றுக்கும் மேலாக, "இவர் நம்மவர், இவர் மற்றவர்" என்ற பேச்சு வேண்டாம். அக்கரைப்பற்றில் கத்தோலிக்கர் சிறு தொகையினர். இந்துக்களும் முஸ்லிம்களும் சூழ வாழ்கிறோம். சுனாமி நாளில் யாருடைய பள்ளிக்கூடத்தில் யார் ஒதுங்கினோம் என்று எவரும் கணக்குப் பார்க்கவில்லை. படிவம் நிரப்பும் மேசையிலும் அப்படியே இருக்கட்டும். பள்ளிவாசல் சங்கம் ஒன்று இதை நம்மிலும் திறமையாகச் செய்தால், போய்க் கற்றுக்கொள்வதில் குறைவொன்றுமில்லை.

நமது மனச்சாட்சிக்கு

இந்தப் புதிய முறை மூன்று சோதனைகளை நமது வாசலில் கொண்டுவந்து வைத்திருக்கிறது.

முதலாவது சோதனை பொய். கணக்கெடுப்பவர் வருகிறார் என்றதும் மோட்டார் சைக்கிளைத் தங்கை வீட்டில் நிறுத்துவது ஒரு சாமர்த்தியமாகப் பேசப்படுகிறது. தெரிவுசெய்யப்படும் குடும்பங்களுக்கு ஒரு எல்லை உண்டு. தகுதியில்லாமல் ஒருவர் உள்ளே போனால், தகுதியுள்ள ஒருவர் வெளியே நிற்கிறார். இது அரசாங்கத்திடம் எடுத்ததன்று. பின்னறைத் தாயின் பானையிலிருந்து எடுத்தது. ஏழாம் கட்டளையும் எட்டாம் கட்டளையும் ஒருசேர இங்கே மீறப்படுகின்றன.

இரண்டாவது சோதனை பொறாமை. பட்டியலில் உள்ளவருக்கு எதிராக ஆட்சேபனை தெரிவிக்கவும் சட்டம் இடம் தருகிறது. பொதுப்பணம் தவறான இடத்துக்குப் போவதைத் தடுக்க இது தேவைதான். ஆனால் வேலிச் சண்டைக்கும் பழைய கோபத்துக்கும் அதை ஆயுதமாக்குவது பொய்ச்சாட்சி. ஆட்சேபனை எழுத முன்னர் உங்களை நீங்களே கேளுங்கள்: நான் கண்டதை எழுதுகிறேனா, கேட்டதை எழுதுகிறேனா? நியாயத்துக்காக எழுதுகிறேனா, நெஞ்சிலுள்ள கசப்புக்காக எழுதுகிறேனா?

மூன்றாவது சோதனை அலட்சியம். நமக்கு மாதச் சம்பளம் உண்டு, வெளிநாட்டில் பிள்ளை உண்டு. ஆகவே இந்தப் பட்டியல் நமது கவலையன்று என்று இருந்துவிடுவது. செல்வனின் வாசலில் இலாசர் கிடந்தபோது செல்வன் அவனை அடிக்கவில்லை, துரத்தவில்லை. காணாமல் இருந்தான், அதுவே அவனுக்குத் தீர்ப்பாயிற்று.

ஒன்றையும் மறைக்காமல் சொல்ல வேண்டும். எவ்வளவு நேர்மையாகச் செய்தாலும் புள்ளிக் கணக்கு எல்லாத் துன்பத்தையும் காணாது. குடிகாரக் கணவனோடு படும் பாட்டை எந்தச் சுட்டி அளக்கும்? மேன்முறையீடு செய்தும் பெயர் வராத ஏழைகள் இருப்பார்கள். அப்போது "சட்டப்படி இவ்வளவுதான்" என்று சொல்லித் திரும்ப நமக்கு அனுமதி இல்லை. அரசின் பட்டியல் முடியும் இடத்தில் பங்கின் பட்டியல் தொடங்க வேண்டும். வின்சென்ட் தே பவுல் சபையின் உண்டியலும், தவக்காலச் சேமிப்பும், அறுவடைக் காணிக்கையும் அதற்காகவே உள்ளன. முப்பது ஆண்டு பழகிய முறை மாறியதால் கலங்கிய சமுர்த்தி உத்தியோகத்தர்களையும் நமது செபத்தில் நினைப்போம். ஊரின் வறிய வீடுகளை அவர்களைப் போல் அறிந்தவர் வேறில்லை. அந்த அறிவு வீணாகலாகாது.

எழுவர் தெரிவான பின் நடந்ததைத் திருத்தூதர் பணிகள் நூல் அடுத்த வசனத்திலேயே சொல்கிறது: கடவுளின் வார்த்தை பரவியது, சீடர்களின் தொகை பெருகியது. பந்தி சரியானது, பிரசங்கமும் பலித்தது. நமது ஊரிலும் விடுபட்ட ஒரு வீட்டுக்காகப் படிவம் ஒன்றை நிரப்பிக் கொடுப்போமானால், ஞாயிறன்று பீடத்தில் அறிவிக்கப்படும் நற்செய்தியை அந்த வீடு நம்பும்.

குடும்பமாகப் பேசுவதற்கு

1. திருத்தூதர் பணிகள் 6:1-7 பகுதியை ஒருவர் வாசிக்க, மற்றவர்கள் கேளுங்கள். விடுபட்டவர்கள் ஏன் விடுபட்டார்கள்?

2. நமது தெருவில் கொடுப்பனவு கிடைக்காத வறிய வீடு எது? காரணம் என்ன என்று யாராவது போய்க் கேட்டோமா?

3. நமது குடும்பத்தின் நிலை முன்னேறியிருந்தால், அதை உரிய அலுவலகத்தில் மறைக்காமல் சொல்ல நமக்கு மனமுண்டா?

4. இந்த வாரம் நமது வீட்டிலிருந்து ஒருவர், ஒரு முதியவரோடு, ஓர் அலுவலகத்துக்குக் கூடப் போகலாமா? யார் போவது, என்றைக்குப் போவது என்று இன்றிரவே தீர்மானியுங்கள்.